ஓடுபாதையும் கால அட்டவணையும்: சிறு நகர விமான நிலையங்கள் நிலைப்பது எப்படி?



போக்குவரத்து குறித்து ஆண்டுதோறும் ஒருவர் பேச வேண்டும் என்று இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நிறுவனர் விரும்பினார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். சொற்பொழிவு பெருநகரத்தை மட்டும் பேசிவிட்டு நின்றுவிடக் கூடாது, மாவட்டத் தலைநகரங்களில் வாழும் மக்களுக்கு ஏதேனும் பயன் தர வேண்டும் என்பதே அது. அந்த விருப்பத்துக்கு ஏற்ப, சிறு நகர விமான நிலையங்களை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். சேலம், தூத்துக்குடி, புதுச்சேரி போன்ற ஊர்களுக்கு விமான நிறுவனங்கள் ஏன் வருகின்றன, எந்தக் கணக்கில் வருகின்றன, ஏன் போய்விடுகின்றன, எப்போது நிலைத்து நிற்கின்றன என்பவையே என் கேள்விகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுபாதை போட்டுவிட்டால் விமானம் வரும். அது தங்குவது கால அட்டவணையின் நம்பகத்தைப் பொறுத்தது. பொதுப்பணத்தில் பெரும் பங்கை நாம் ஓடுபாதைக்கும் முனையக் கட்டடத்துக்கும் தருகிறோம். நம்பகத்துக்கு மிகச் சிறிய பங்கே போகிறது. இந்தச் சமனின்மையைச் சரிசெய்யாதவரை, நம் சிறு நகரங்களில் திறப்பு விழாக்கள் நடந்துகொண்டே இருக்கும், சேவைகளும் நின்றுகொண்டே இருக்கும்.

சிறிய விமானத்தின் கணக்கு

சென்னையிலிருந்து சேலம் வான்வழியாக ஏறத்தாழ 270 கி.மீ. இந்தத் தொலைவுக்கு ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானத்தை அனுப்பினால் என்ன ஆகும்? அது மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்க வல்லது. ஆனால் அந்த வேகத்தை எட்டும் உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் செலவாகிறது. அந்தச் செலவை ஈடுகட்ட, உயரத்தில் சிக்கனமாகப் பறக்கும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். குறுந்தொலைவில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

ஏ.டி.ஆர். 72 என்ற டர்போபிராப் விமானம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் பறக்கும். அதன் சுழல்விசிறி தாழ்ந்த உயரத்திலேயே திறமையாக வேலை செய்யும். 270 கி.மீ. பயணத்தில் ஜெட்டைவிட அது சில நிமிடங்களே பின்தங்கும். எரிபொருளோ பெருமளவு மிச்சமாகும். பிரான்ஸின் துலூஸ் நகரில் கட்டப்படும் இந்த விமானம் 1,400 மீட்டர் அளவுள்ள ஓடுபாதையிலும் இயங்கும். ஜெட்டுக்கு நடைமுறையில் 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இருக்கைகளின் எண்ணிக்கை. ஏ320இல் 180 முதல் 186 பேரை ஏற்ற வேண்டும். இண்டிகோவின் ஏ.டி.ஆரில் 78 இருக்கைகள். ஒரு சிறு நகரத்தில் ஒரு நாளில் 150 பேர் பறக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜெட் என்றால் ஒரே சேவையோடு முடிந்துவிடும். டர்போபிராப் என்றால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு சேவைகள் கிடைக்கும். காலையில் புறப்பட்டுச் சென்னையில் வேலையை முடித்து மாலையில் வீடு திரும்ப வேண்டியவருக்கு இரண்டு சேவைகள் இருந்தால்தான் பயன். மினி பஸ் போக வேண்டிய தெருவுக்கு யாரும் வால்வோ பேருந்தை அனுப்புவதில்லை. வான்வழியிலும் அதே நியாயம்தான்.

இந்தியாவில் விதிகளும் சிறிய விமானத்துக்குச் சலுகை தருகின்றன. உள்நாட்டுச் சேவையில் 80 இருக்கைகளுக்குக் குறைந்த விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. ஏ.டி.ஆரில் 78 இருக்கைகள் இருப்பதையும் இந்த 80 என்ற எல்லையையும் சேர்த்துப் பார்த்தால் விதியின் கை எங்கே படுகிறது என்பது விளங்கும். அதிகபட்சப் புறப்பாட்டு எடை 40,000 கிலோவுக்குக் குறைவாக உள்ள விமானங்கள் வாங்கும் எரிபொருளுக்கு மாநில வரியும் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் பெரிய விமானங்களின் எரிபொருளுக்கு 29 விழுக்காடு வரை மதிப்புக் கூட்டு வரி இருந்ததை நினைத்துப் பார்த்தால், இந்தச் சலுகையின் எடை புரியும்.

சேலத்தின் கதை

சேலம் விமான நிலையம் ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. 1993இல் திறக்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. நிறுவனம் அங்கிருந்து பறந்தது. அந்தச் சேவை நீடிக்கவில்லை. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது. அதுவும் சில ஆண்டுகளில் போனது. 2018 மார்ச் 25இல் ட்ரூஜெட் நிறுவனம், மத்திய அரசின் உடான் என்ற மானியத் திட்டத்தின் கீழ், சென்னைக்கு ஏ.டி.ஆர். சேவையைத் தொடங்கியது. அது 2021இல் நின்றது. மறு ஆண்டு அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு, கொச்சி வழித்தடத்திலும், இண்டிகோ சென்னை, ஐதராபாத் வழித்தடங்களிலும் மீண்டும் பறக்கத் தொடங்கின.

முப்பது ஆண்டுகளில் நான்கு தொடக்கங்கள். இத்தனைக்கும் ஓடுபாதை ஒன்றே. அதன் நீளம் 1,806 மீட்டர். ஏ.டி.ஆர். இயங்க அது தாராளமாகப் போதும். ஊரும் சிறியதல்ல. இரும்பாலை, வெள்ளிக் கொலுசுத் தொழில், சவ்வரிசி ஆலைகள், சுற்றுவட்டத்தில் நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளும் லாரித் தொழிலும், ஈரோட்டின் மஞ்சள் சந்தையும் ஜவுளியும் என்று வணிகம் பெருகிக் கிடக்கும் பகுதி அது. ஆக, ஓடுபாதையிலும் குறையில்லை, ஊரிலும் குறையில்லை. சேவை நிற்கும் ஒவ்வொரு முறையும் மக்கள் தம் பழைய பழக்கத்துக்குத் திரும்பினார்கள். காரில் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போனார்கள். இரவு ரயிலில் சென்னைக்குப் போனார்கள். விட்டுப்போன பயணியைத் திரும்பப் பிடிப்பது, புதிய பயணியைப் பிடிப்பதைவிடக் கடினம்.

உடான் சொன்னதும் நடந்ததும்

2016ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கையின் வழியே உடான் திட்டம் பிறந்தது. 2017 ஏப்ரல் 27இல் டெல்லி, சிம்லா வழித்தடத்தில் முதல் விமானத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். திட்டத்தின் அமைப்பு எளிமையானது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகளுக்குத் தொடக்கத்தில் 2,500 ரூபாய் என்று கட்டண உச்சவரம்பு. அதனால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட 3 ஆண்டுகளுக்கு மானியம். அந்த 3 ஆண்டுகளும் அந்த வழித்தடத்தில் தனி உரிமை. மானியத்தில் பெரும்பகுதியை மத்திய நிதியும், பெரும்பாலான மாநிலங்களில் 20 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. மத்திய நிதி எங்கிருந்து வருகிறது? முக்கிய உள்நாட்டு வழித்தடங்களில் பறக்கும் விமானங்கள் மீது ஒரு தீர்வை விதித்துத் திரட்டப்படுகிறது. அதாவது டெல்லிக்கும் மும்பைக்கும் பறப்பவர், சேலத்திலிருந்து பறப்பவருக்காகச் சிறு தொகை தருகிறார். இந்த ஏற்பாட்டில் உள்ள நீதியை நான் மனமார வரவேற்கிறேன்.

விளைவைப் பார்ப்போம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2023இல் வெளிவந்தது. உடானின் மூன்றாம் சுற்று வரை 774 வழித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் 112 மட்டுமே 3 ஆண்டு மானியக் காலத்தை நிறைவு செய்தன. மானியம் முடிந்த பின்னும், 2023 மார்ச் நிலவரப்படி, பறந்துகொண்டிருந்தவை 54. ஒதுக்கப்பட்டவற்றில் இது 7 விழுக்காடு.

இந்த எண்ணைக் காட்டித் திட்டமே வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில், 88 விமான நிலையங்கள் இணைக்கப்பட்டதாகவும் 1.5 கோடிப் பேர் பயணம் செய்ததாகவும் அரசு கூறியது. பீகாரின் தர்பங்காவில் 2020 நவம்பரில் தொடங்கிய சேவைகள் நிரம்பி வழிந்தன. மிதிலைப் பகுதியிலிருந்து டெல்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போகும் மக்களின் கூட்டம் அந்தச் சிறிய முனையத்தைத் திணறடித்தது. தேவை எங்கே இருக்கிறது என்பதைப் பெருநகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஊகிக்க முடியாது என்று தர்பங்கா கற்றுக்கொடுத்தது. ஆனால் நூற்றில் ஏழு மட்டும் நிலைக்கிறது என்றால், மற்ற தொண்ணூற்று மூன்றும் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

ஏன் நின்றுபோகின்றன?

முதல் காரணம், மாற்று விமானம் இல்லாமை. இரண்டு மூன்று விமானங்களை வைத்துக்கொண்டு ஏழெட்டு ஊர்களுக்குப் பறக்கும் நிறுவனத்தில் ஒரு விமானம் பழுதானால் எல்லா ஊர்களின் சேவையும் குலைந்துவிடும். உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வந்து சேர நாட்களாகும். அதுவரை விமான நிலையத்தில் பயணிகளின் கோபத்துக்கு ஆளாகிறவர் அங்கே பயணச்சீட்டுக் கவுண்டரில் நிற்கும் இளைஞர். பெரிய நிறுவனத்தின் ஏ.டி.ஆர். பிரிவில் பல விமானங்கள் இருப்பதால் ஒன்று நின்றாலும் இன்னொன்றை நகர்த்த முடிகிறது. இண்டிகோ நுழைந்த சிறு நகரங்களில் சேவை ஓரளவு உறுதிப்பட்டதற்கு இதுவும் காரணம்.

இரண்டாவது, சேவையின் அடர்த்தி. தொடக்ககால உடான் விதிகள் வாரத்துக்கு 3 முதல் 7 புறப்பாடுகளுக்கு மானியம் தந்தன. வாரத்தில் மூன்று நாள் பறக்கும் விமானத்தை நம்பி யார் பயணத்தைத் திட்டமிடுவார்கள்? செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்க வேண்டும், விமானமோ திங்கள், புதன், வெள்ளி. நோயாளி ரயிலில்தான் போவார். மலிவான கட்டணம் அவரை ஒரு முறை இழுத்துவரலாம். நாள்தோறும் சேவை இருந்தால்தான் அவர் வாடிக்கையாளர் ஆவார்.

மூன்றாவது, பகல் வெளிச்சமும் பனிமூட்டமும். கருவி உதவியுடன் தரையிறங்கும் வசதி இல்லாத நிலையத்தில் விமானி கண்ணால் ஓடுபாதையைப் பார்த்தே இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தது 5 கி.மீ. தொலைவு வரை தெளிவாகத் தெரிய வேண்டும். மார்கழிக் காலையில் அது கிடைக்காது. இரவில் இறங்கும் விளக்கு வசதியும் பல சிறு நிலையங்களில் இல்லை. எனவே வணிகர்கள் விரும்பும் அதிகாலைப் புறப்பாடும் இரவுத் திரும்பலும் கூடாமல் போகின்றன. நண்பகல் சேவையே எஞ்சுகிறது. நண்பகல் சேவை யாருக்கும் முழுமையாகப் பயன்படுவதில்லை.

நான்காவது, மறுமுனையில் உள்ள நெரிசல். சிறு நகரத்தில் இடம் இருக்கிறது. பெருநகர விமான நிலையத்தில்தான் ஸ்லாட் எனப்படும் நேர ஒதுக்கீடு கிடைப்பதில்லை. அங்கே காலை நேரத்தில் கிடைக்கும் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் 186 இருக்கை விமானமும் 78 இருக்கை விமானமும் போட்டியிட்டால் யார் வெல்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, தரைவழிப் போட்டி. சென்னை, கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரலில் தொடங்கியது. அது சேலத்துக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது. விமானப் பயணம் ஒரு மணி நேரம்தான் என்றாலும், சேலம் நகரிலிருந்து காமலாபுரம் போக வேண்டும், முன்கூட்டியே சென்று சோதனை முடிக்க வேண்டும், சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் போக வேண்டும். கூட்டிப் பார்த்தால் மிச்சமாகும் நேரம் குறைவே. சேலத்துக்காரருக்குச் சென்னை விமானத்தைவிட ஐதராபாத், பெங்களூரு வழியாக நாட்டின் பிற பகுதிகளுக்குத் தொடர்ந்து பறக்கும் ஒரே பயணச்சீட்டே அதிகப் பயன் தரும். பிரான்ஸ் நாடு இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டு வழித்தடங்களில் விமானத்தையே தடை செய்தது. அந்த விதி 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ரயில் நன்றாகச் செய்யும் வேலைக்கு மானிய விமானத்தை அனுப்பாமல் இருக்கலாம்.

தூத்துக்குடி சொல்லும் பாடம்

வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,351 மீட்டர்தான் இருந்தது. சேலத்தின் ஓடுபாதையைவிட அது குட்டையானது. ஆனாலும் 2006இல் ஏர் டெக்கான் தொடங்கிய காலம் முதல், நிறுவனங்கள் மாறினாலும் அங்கே சென்னைச் சேவை வேர்பிடித்தது. பின்னர் ஸ்பைஸ்ஜெட்டின் க்யூ400 டர்போபிராப், இண்டிகோவின் ஏ.டி.ஆர். என்று நாள்தோறும் பல புறப்பாடுகள் வந்தன.

காரணம் தொலைவு. சென்னையிலிருந்து வான்வழியாக 500 கி.மீ.க்கு மேல். ரயிலில் போனால் ஓர் இரவு முழுவதும் போய்விடும். துறைமுகம், கப்பல் முகவர்கள், அனல் மின் நிலையங்கள், நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வந்து சேரும் பயணிகள் என்று தேவையும் திரண்டிருந்தது. சிறிய விமானமே பல ஆண்டுகள் அந்தத் தேவையை நாள்தோறும் நிரூபித்துக் காட்டியது. அதன் பிறகுதான் ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. 17,340 சதுர மீட்டர் பரப்பில் புதிய முனையம் எழுந்து 2025 ஜூலை 26இல் திறக்கப்பட்டது. முதலில் நம்பகமான சேவை, அதனால் திரளும் பயணிகள், அதன் பின் பெரிய கட்டுமானம். இந்த வரிசைதான் என் பேச்சின் மையம்.

கடலைக் கடக்கும் குறும்பயணம்

குறுந்தொலைவு விமானத்துக்குப் போட்டியே இல்லாத இடமும் உண்டு. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி வான்வழியாக 200 கி.மீ.க்கும் குறைவு. நேரடி விமானம் இல்லாத காலத்தில், யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்கு ஏறத்தாழ 400 கி.மீ. தெற்கே பயணம் செய்து அங்கிருந்து பறந்து வர வேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து ஏ.டி.ஆரில் பறந்தது. கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. மருத்துவத்துக்கும் கல்விக்கும் உறவினரைக் காணவும் பயணிக்கும் மக்களுக்கு இந்தச் சிறிய விமானங்கள் தரும் பயனை எந்த லாப நட்டக் கணக்காலும் முழுதாக அளக்க முடியாது. போரால் அறுந்துபோன ஒரு தொடர்பை 78 இருக்கைகள் மீண்டும் இணைத்திருக்கின்றன.

நார்வே எப்படிச் செய்கிறது?

நார்வே மலையும் ஆழமான கடற்கால்களும் நிறைந்த நாடு. 1968 முதல் அங்கே சிறிய ஊர்களில் ஏறத்தாழ 800 மீட்டர் நீள ஓடுபாதைகளை அமைத்தார்கள். விடெரோ என்ற நிறுவனம் முதலில் 19 இருக்கை விமானத்திலும் பின்னர் 39 இருக்கை டேஷ்-8 விமானத்திலும் அந்த ஊர்களை இணைத்து வருகிறது. லாபம் தராத வழித்தடங்களுக்கு அரசு ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. அந்த ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு எத்தனை சேவை, எத்தனை இருக்கை, உச்சக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் வரையறுக்கப்படுகின்றன. மூன்றாண்டில் சொந்தக் காலில் நின்றுவிடு என்று யாரும் சொல்வதில்லை. வடகோடியில் உள்ளவர் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் அதற்கான வழியைப் பொதுப்பணத்தில் காப்பது அரசின் கடமை என்று அந்நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரிய விமான நிலையங்களின் வருவாயைக் கொண்டு சிறியவற்றை நடத்தும் பொறுப்பு ஒரே பொது நிறுவனத்திடம் இருக்கிறது.

நார்வே செல்வந்த நாடு, மக்கள்தொகை சிறியது, அங்கே பல ஊர்களுக்கு வேறு வழியே இல்லை. எனவே அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் ஒரு கொள்கையை எடுத்துக்கொள்ளலாம்: அரசு விலை கொடுத்து வாங்க வேண்டியது, குறித்த நேரத்தில் தவறாமல் நடக்கும் சேவையை.

நிலம் பற்றி

ஒரு விமான நிலையம் விரிவடையும்போது முதலில் இழப்பது அருகில் உள்ள உழவர்கள். சேலம் விரிவாக்கப் பேச்சு எழுந்தபோது காமலாபுரம், பொட்டிபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களின் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். இப்போதைய ஓடுபாதையில் ஏ.டி.ஆர். தடையின்றி இயங்குகிறது. நாளொன்றுக்கு ஐந்தாறு சிறிய விமானங்கள் நிரம்பிப் பறந்து, அதற்கும் மேல் பயணிகள் காத்திருக்கும் நிலை வந்த பிறகு ஜெட்டுக்கான நிலத்தைப் பற்றிப் பேசுவோம். நிரூபிக்கப்படாத தேவைக்காக விளைநிலத்தை எடுப்பது, திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கொடுத்து ஊகத்தை வாங்குவதாகும்.

என் பரிந்துரைகள்

மாநில அரசும் மத்திய அரசும் பரிசீலிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மானியத்தை இருக்கைக் கணக்கில் மட்டும் தராமல், குறித்த நேரத்தில் நடந்த சேவைகளின் கணக்கோடு இணைக்க வேண்டும். ரத்தானால் மானியம் குறைய வேண்டும். ஓர் ஆண்டு முழுதும் தவறாமல் பறந்தால் கூட வேண்டும்.

குறைந்தது நாள்தோறும் ஒரு சேவை, ஆறு மாதத்துக்குள் காலையும் மாலையும் இரண்டு சேவைகள் என்ற நிபந்தனை வேண்டும். நூறு ஊருக்கு வாரம் மூன்று விமானங்களைவிட முப்பது ஊருக்கு நாளும் இரண்டு விமானங்கள் மேலானவை.

முனையத்தின் முகப்பைவிட முன்னுரிமை பெற வேண்டியவை இரவு விளக்குகள், கருவி உதவித் தரையிறக்கம், வானிலைக் கருவிகள், பணியாளர் நேரம் ஆகியவை. பயணிக்குத் தேவையான கட்டடம் எளியதாக இருக்கலாம். விமானிக்குத் தேவையான வசதியில் குறை கூடாது.

பெருநகர விமான நிலையங்களில் காலை, மாலை நேர ஒதுக்கீட்டில் ஒரு பங்கைச் சிறு நகர விமானங்களுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். மறுமுனையில் கதவு திறந்தால்தான் வழித்தடம் உயிர் பெறும்.

சிறு நிறுவனங்கள் கூட்டாகப் பயன்படுத்தும்படி மாற்று விமானம், உதிரிப் பாகக் கிடங்கு, பராமரிப்புக் கூடம் ஆகியவற்றைத் தென்னிந்தியாவில் ஓரிடத்தில் அமைக்க அரசு உதவலாம்.

இறுதியாக, வழித்தடத்தைத் தேர்வு செய்யும் முன் ரயில் அட்டவணையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் ரயில் போகும் இடத்துக்கு ரயிலை வலுப்படுத்துவோம். ஓர் இரவுப் பயணம் தேவைப்படும் இடத்துக்கும், கடல் குறுக்கிடும் இடத்துக்கும் விமானத்தை அனுப்புவோம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் புதிய விமான சேவை தொடங்கும்போது நாளிதழ்களில் படம் வரும். அந்தச் சேவை இரண்டாம் ஆண்டில் எத்தனை நாள் பறந்தது, எத்தனை நாள் ரத்தானது என்ற கணக்கு எங்கும் வராது. அந்தக் கணக்கை நீங்கள் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், ஆய்வேடாக எழுதுங்கள், ஊர் வணிகர் சங்கத்தின் முன் வையுங்கள். எந்த ஊருக்கு எந்தச் சேவை நிலைக்கும் என்பதை அந்தக் கணக்கு காட்டும். அடுத்த மானியம் எங்கே போக வேண்டும் என்பதை ஆட்சியாளர்கள் அதைப் பார்த்தே முடிவு செய்யட்டும்.